பன்னிரண்டாம் நம்பர் நரம்பு

செர்ரி ரோட்டுக் கடையில்
பத்தாம் நம்பர் பாக்கெட்டை நீட்டுகிறான் முபாரக்.
"லேடீஸ் கைக்கு இது போதும்க்கா. வலிக்காது."
பன்னிரண்டு கொடு என்கிறேன்.

எங்கள் லேபில் கணக்கு தலைகீழ்.
இருபத்தொன்று பச்சை, தடிமன்.
இருபத்து மூன்று நீலம், மெல்லியது.
எண் ஏற ஏற ஊசி இளைக்கும்.
இங்கே எண் ஏறினால் கம்பி பருக்கிறது.
மூன்று வருடமாக இரண்டுக்கும் நடுவில் அலைகிறேன்,
இன்னும் ஒரு நொடி தடுமாறித்தான்
சரியான எண் வாயில் வருகிறது.

பிக் பொறுக்க அரைமணி நேரம்.
கண்ணாடிப் பெட்டிமேல் கொட்டிவிட்டுப் போய்விட்டான்,
காலாவதி மாத்திரைகள் மாதிரி.
ஒவ்வொன்றாய்க் காதோரம் வளைத்துப் பார்க்கிறேன்.
அரை மில்லிகூட இல்லாதது படபடக்கும்,
ஃபேன் காற்றில் காலண்டர்த் தாள்.
ஒன்றரை மில்லி வளைய மறுக்கிறது;
பாட்டு தொடங்குமுன் அது கதவைத் தட்டும்.
நடுவில் ஓர் ஆரஞ்சு, புள்ளி ஏழு மூன்று.
நுனி மட்டும் இணங்கும்,
மற்றபடி தன் பிடிவாதம்.
நான்கு வாங்கினேன். இரண்டு எப்படியும் தொலையும்.
ஒன்று வெள்ளைக் கோட்டுப் பையில் பஞ்சோடு கிடக்கும்,
ஒன்று வாஷிங் மெஷினில் கலகலக்கும்.

பன்னிரண்டு மாட்டிய முதல் வாரம்
வாடகை அறை பெரிதானது போலிருந்தது.
தடித்த கம்பியைத் தொட்டால்
டம்ளரில் தண்ணீர் நடுங்கியது.
இடது கை விரல் நுனிகளில் முதலில் கோடு,
பிறகு கொப்புளம், பிறகு காய்ப்பு.
சர்க்கரை பார்க்க என்னை நானே குத்தியபோது
லான்செட் உள்ளே இறங்கவில்லை.
சிரித்துக்கொண்டேன். பெருமைதான்.

ஏற்காட்டில் தெரிந்தது.
தை மாதம், காபிப் பழம் பறிக்கும் எஸ்டேட்டில் ரத்தப் பரிசோதனை முகாம்.
இருபது கொண்டை ஊசி ஏறிப் போனோம்,
அந்த ஊசிகளுக்கு மட்டும் நம்பர் இருந்தும் தடிமன் கிடையாது.
குளிரில் நரம்பு ஒளிந்துகொள்ளும்.
வெள்ளையன், மூட்டை தூக்குகிறவர்,
கையை நீட்டி, முஷ்டி மடக்கி,
"நரம்பு கெடைக்குதா மேடம்?"

நரம்பு கண்ணுக்கு இல்லை, விரலுக்கு.
அழுத்தினால் எழும்பும்,
சரியாக முறுக்கிய கம்பி மாதிரி.
எழும்பியிருக்கும்.
என் ஆள்காட்டி விரல் மரக்கட்டை.
நடுவிரல் மரக்கட்டை.
மோதிர விரலைக் கேட்கவே வேண்டாம்.

பனி ஷெட்டுக்குள் வந்து நின்றது.
வரிசையில் யாரோ இருமினார்கள்.
யாழில் கட்டியதும் நரம்பு,
கைக்குள் ஓடுவதும் நரம்பு,
ஒன்றுக்கு விலையாக மற்றதைக் கேட்பார்கள் என்று
எந்த அட்டையிலும் அச்சிடவில்லை.

சுண்டுவிரல் மிச்சமிருந்தது.
அதைப் பழக்கு, பழக்கு என்று
எங்கள் குழுவில் பாஸ் வாசிக்கும் இக்னேஷியஸ்
ஞாயிறு தவறாமல் திட்டுவார்.
மூன்று வருடம் ஒரு ஸ்வரமும் உருப்படியாய் வாசிக்காத விரல்,
இன்னும் குழந்தைத் தோல்.
வைத்தேன். அழுத்தினேன்.
அடியில் ஏதோ ஒன்று
மெல்ல எதிர்த்துத் தள்ளியது.

நீல ஊசி. ஒரே குத்து.
குழாயில் சிவப்பு ஏறும்போது
வெள்ளையன் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.
பிறகு தன் விரல்களை விரித்துக் காட்டினார்:
"நமக்கும் இப்படித்தான். பீடி சுட்டாக்கூடத் தெரியாது.
நீங்க என்ன தூக்குறீங்க?"

கிடார் என்றேன்.
எவ்வளவு கனம் என்று கேட்டார்.

திங்கட்கிழமை மறுபடி செர்ரி ரோடு.
"சொன்னேன்லக்கா" என்று பத்தை எடுக்கிறான் முபாரக்.
பதினொன்று கொடு.

ஆரஞ்சு பிக்கை மாற்றப் போவதில்லை,
அதைப் பிடிக்கும் கை
ஊசியையும் பிடிக்கும் கை, அதற்கு வழக்கு எதுவும் இல்லை.
சுண்டுவிரல் இப்போது ஆஸ்பத்திரி டியூட்டியில் இருக்கிறது,
பயிற்சிக்கு வராது என்று
இக்னேஷியஸிடம் சொல்ல வேண்டும்.
நம்ப மாட்டார்.